மகளாக உட்கார்ந்தவர்

மஹய்யாவ மாதா கோவில் மண்டபத்தின் நடுவில் போட்டிருக்கும் கதிரையில் மரியநாயகம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். பரீட்சைக்கும் போகாமல், அறையே கதியென்று கிடக்கும் தன் மகள் ரொசலினாக அவர் கொஞ்ச நேரம் நடிக்கவேண்டும். எதிரே மனைவி மேபல் அவராக நிற்கிறாள். மனம் சோர்ந்த பிள்ளைகளோடு எப்படிப் பேசுவதென்று பெற்றோரைப் பழக்கும் வகுப்பு இது. மழை விட்ட மாலை வெயில், சன்னல் கம்பிகளின் நிழலைச் சிவப்புச் சிமெந்துத் தரையில் நீட்டிவிட்டிருக்கிறது. சுற்றியிருக்கும் பெற்றோர் இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். “எந்திரி,” என்கிறாள் மேபல். “ஒனக்கு என்னா கொற? சாப்பாடு இல்லையா, உடுப்பு இல்லையா? நான் நாலு பேரு முன்னால தலைநிமிந்து நடக்க வேணாமா?” அவள் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. எல்லாம் மகளின் அறைக் கதவுக்கு வெளியே நின்று அவர் தினமும் சொல்வதுதான். மரியநாயகத்தின் கைகள் தாமாகவே முழங்கால்களை இறுக்கிக்கொள்கின்றன.

“மகளுக்கு இப்ப என்னா வேணும்?” என்று வகுப்பு நடத்தும் டீச்சர் மெதுவாகக் கேட்கிறார். மரியநாயகம் மேபலை நிமிர்ந்து பார்த்து, “ஒண்ணும் கேக்காதீங்கப்பா,” என்கிறார். “ஆனா, போயிறாதீங்க.” மேபல் பேசாமல் வந்து, அவர் காலடியில், வெறுந்தரையில் உட்காருகிறாள்.