ஆர் எழுதினது?

அறிவித்தல் பலகையில் யாரோ ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்தெடுத்துக்கொண்டு அதிபர் கனகேஸ்வரன் பத்தாம் வகுப்புக்குள் பாய்ந்தார்.

“‘பெட்டையளின்ரை கக்கூசிலை மூண்டு மாதமாத் தண்ணி இல்லை.’ ஆர் எழுதினது?”

கடதாசியை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார்.

“பள்ளிக்கூடத்தின்ரை மானத்தை வாங்கிறியளோ? எல்லாரும் கொப்பியிலை ஒரு ஒற்றையைக் கிழிச்சு, இந்த வசனத்தையே எழுதித் தாங்கோ. எழுத்தை வைச்சே ஆளைப் பிடிக்கிறன்.”

தர்மிலா எழும்பினாள். “பேரும் போடவோ சேர்?”

“பேர், திகதி எல்லாம் போடு! பேரில்லாமல் ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

முப்பத்திரண்டு ஒற்றைகளையும் அலுவலக மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக அந்தக் கடதாசியோடு வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. எழும்பி நடந்தார். திரும்ப வந்து இருந்தார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அப்போதுதான் வலயக் கல்விப் பணிப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். மேலே கிடந்த ஒற்றையை எடுத்து வாசித்தார். அடுத்ததையும் வாசித்தார். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக் கையில் எடுத்தார்.

“முப்பத்திரண்டு பிள்ளையள் பேர் போட்டு, இண்டைய திகதியும் போட்டு முறைப்பாடு தந்திருக்கினம்! இவ்வளவு துணிவா எழுதச் சொன்னது ஆர், அதிபர்?”

கனகேஸ்வரன் கதிரையை விட்டு எழும்பினார்.

“நான்தான், சேர்.”