கையுறைக்கு அடியில் ஒரு துணி

மதிப்பிற்குரிய ரெபேக்கா அக்காவுக்கு,

பிரசவம் பார்க்கத் தேனியிலிருந்து உங்கள் கைகளும் குரலும் மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன. அதனால் யார் எங்கே இருந்தோம் என்று எழுதுகிறேன். என் மனைவி அமுதினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா பின்னால் உட்கார்ந்து முதுகைத் தாங்கியிருந்தார். அங்கே நீங்கள் மாட்டியிருந்த கையுறை அசைவதுபோலவே அசையும் அதன் ஜோடியை மாட்டிக்கொண்டு நான் கீழே தரையில் இருந்தேன்.

தலை வெளியே வந்தபோது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பயத்தில் இழுக்கப் பார்த்தேன். கையுறை என் விரல்களைப் பிடித்து நிறுத்தியது.

"தம்பி, உங்க கை அவசரப்படுது. கொஞ்சம் எனக்கு விடுங்க," என்றீர்கள்.

பிறகு என் விரலே கொடிக்கு அடியில் நுழைந்து, தலைக்கு மேலாக அதை மெல்லக் கழற்றியது. அந்த நிதானம் என்னுடையது இல்லை. பிள்ளை அழுதாள்.

"மாப்பிள்ளை கையில டம்ளரே தங்காது, இன்னைக்குப் பேத்தி தங்கிட்டா," என்றார் அத்தை.

நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "பிள்ளை எப்படி மணக்குது தம்பி? இந்தக் கையுறை வந்தப்புறம் நானூறு பிள்ளைய எடுத்துட்டேன். ஒண்ணையும் மோந்து பார்த்ததில்ல."

பிள்ளையைத் துணியில் சுற்றி, உச்சந்தலையை மோந்து பார்த்தேன்.

கையுறையைக் கழுவித்தான் உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். கழுவிவிட்டேன். பிள்ளையை முதலில் சுற்றிய துணியை மட்டும் கழுவவில்லை. காற்றுப் புகாத பையில் போட்டு, கையுறைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தாமதித்தால் மணம் போய்விடும் என்பதால், இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்துப் பெட்டியை ஒட்டி, இன்று காலை வண்டியிலேயே அனுப்புகிறேன்.