முப்பத்தொரு தலைக்கட்டு

“நாளைக்கு ஹியரிங்ல செத்தவங்க எந்திரிச்சு வந்து பேசப்போறாங்க. எங்க தாத்தா காளிதான் முதல் ஆளு!”

சொல்லிவிட்டு மீசையைத் தடவினார் சங்கிலிப்பாண்டி. மட்டாஞ்சேரித் தெருக்களை முப்பத்தாறு வருஷம் பெருக்கி ஓய்வு பெற்றவர். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்த அன்று, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களெல்லாம் ஊர் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விட்டனவாம். அவரே சொன்னது.

“தாத்தா செத்து நாப்பது வருஷமாச்சு மாமா. எந்த பஸ்சுல வர்றாரு?” மருமகள் இசக்கிசெல்வி சாயா டம்ளரை நங்கென்று வைத்தாள்.

அவளுக்கு விளையாடும் மனநிலை இல்லை. நகரத்தின் புதிய திட்ட வரைபடம் வந்திருந்தது; மறுநாள்தான் அதன்மேல் ஆட்சேபம் கேட்கும் ஹியரிங். மஞ்சள் அடித்த இடத்தில் வீடு இருக்கலாம். நீலம் அடித்த இடத்தில் ஓட்டலும் கடையும்தான். அவர்கள் காலனி முழுக்க நீலம். அப்படியே நிறைவேறினால் முப்பத்தொரு வீடும் இடிபடும். இடக்கொச்சிக்கும் அப்பால் எங்கோ ஃப்ளாட் தருவார்கள் என்று ஒரு பேச்சு. அதுவும் வெறும் பேச்சு.

தமிழர்கள் குடியேறிய அந்தக் காலனியில் மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்தவள் அவள்தான். வீடு வீடாகப் போய் ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

“உயிரோட இருக்கிற முப்பத்தொரு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம். அது போதும்.”

“போதாது மோளே! நூறு வருஷமா இங்க இருக்கோம்னு யாரு சாட்சி? நம்ம கொடை நோட்டுதான் சாட்சி!”

மாரியம்மன் கொடைத் திருவிழாவில், நோட்டைப் பார்த்துத் தலைக்கட்டுப் பெயரைக் கூப்பிட்டுத்தான் பூசாரி திருநீறு கொடுப்பார். முதலில் குடிசை போட்டவர் யாரோ அவர் பெயர்தான் அந்த வீட்டுக்குத் தலைக்கட்டு. அவர் செத்தாலும் பெயரை அடிக்கக் கூடாது. அடித்தால் வீடு நிலைக்காது என்று காலனிக்குப் பயம். பூசாரி “காளி!” என்பார். பேரன் கையைத் தூக்கி, “இருக்கோம்!” என்பான்.

“நோட்டை யாருக்காச்சும் காட்டினீங்களா?”

“சுஜித் சாரு வந்தாருல்லா, காலனி சரித்திரம் எழுதுறேன்னு? அவருக்குத் தமிழ் படிக்க வராது. நானே ஒவ்வொரு பேரா வாசிச்சேன், அவரு மலையாளத்துல எழுதிக்கிட்டாரு. தங்கமான மனுஷன். கேட்டுக் கேட்டு அழுதாரு பாரு, அந்தக் கண்ணீர்ல காயல் தண்ணியே உப்பாயிடுச்சு!”

“காயல் எப்பவும் உப்புதான் மாமா.”

“சேர வேண்டிய எடத்துல சேத்துடுறேன் சேட்டான்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காரு. பாரேன் நாளைக்கு!”

மறுநாள் காலை, காலனியே கொடைக்குப் போவதுபோல் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஹியரிங் நடக்கும் கூடத்துக்கு வந்துவிட்டது. மேடைத் திரையில் வரைபடம். நடுவில், மைப்புட்டி கவிழ்ந்தது போல் அந்த நீலம்.

அதிகாரி மஞ்சுஷா ஒலிபெருக்கியைத் தட்டி, பெயர் கூப்பிட்டதும் கை தூக்கச் சொன்னார். “ஆத்யம் பேரு விளிக்காம். ஆளு இருந்தா கை பொக்கணும், கேட்டோ?”

தாளைப் பிரித்தார். “காளி!”

சங்கிலிப்பாண்டியின் கை தானாகக் கூரைக்கு எழும்பியது. “இருக்கோம்!”

“சுடலைமணி!”

“இருக்கோம்!”

“ஆவுடையம்மாள்!”

அந்த வீட்டுப் பாண்டிச்செல்வி, இடுப்பில் இருந்த பிள்ளையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள். “இருக்கோம்!”

பெயருக்குப் பெயர் சத்தம் ஏறியது. கடைசி “இருக்கோம்” கேட்டு வைட்டிலாவில் பஸ்களெல்லாம் பிரேக் போட்டிருக்கும். சங்கிலிப்பாண்டியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“கேட்டியா மோளே? நோட்டு சேர வேண்டிய எடத்துல சேந்துடுச்சு! எந்திரிச்சு வந்துட்டாங்க! நீதான் நம்பல!”

இசக்கிசெல்வி மட்டும் கையைத் தூக்கவில்லை. “நான் எழுதின மனுவுல இந்தப் பேரு ஒண்ணுகூட இல்லையே மாமா. இது எந்த லிஸ்ட்டு?”

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். அதற்குள் மஞ்சுஷா கடைசிப் பெயருக்கும் டிக் அடித்துவிட்டார்.

“முப்பத்தொண்ணும் ஹாஜர்,” என்றார் நிம்மதியாக. “இந்தக் காலனியிலிருந்து ரெண்டு கட்டு லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு நீங்க எழுதினது. மற்றது வீட்டுத் தலைவர்கள் கொடுத்தது. அது கள்ள லெட்டரோன்னு எனக்கு ஒரு சம்சயம். அதான் அந்தப் பேரை முதல்ல விளிச்சேன். இப்ப சம்சயம் தீர்ந்துச்சு.”

“மேடம், அவங்கெல்லாம் எப்பவோ செத்துப் போனவங்க!”

மஞ்சுஷா கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ இப்ப கை பொக்கினது ஆரு?”



மஞ்சுஷா அந்த இரண்டாவது கடிதக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மேலே இருந்த கடிதத்தின் அடியில் ‘காளி’ என்ற பெயர்; பக்கத்தில் புத்தம்புதிதாக ஒரு பெருவிரல் ரேகை. இசக்கிசெல்வி இரண்டு முறை வாசித்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்தாள்.

சங்கிலிப்பாண்டி தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. “என்ன மோளே, தாத்தா என்ன சொல்லியிருக்காரு?”

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“நீங்க சொன்னது நடந்திருச்சு மாமா. செத்தவங்க முப்பத்தொரு பேரும் எந்திரிச்சு வந்து பேசிட்டாங்க... காலனியைக் காலி பண்ணச் சம்மதம்னு.”