சோப்பு டப்பா

"யார் வெச்சது இதை?"

சுபாஷ் போட்ட சத்தத்தில் லைனே நின்றுவிட்டது.

மெஷினின் பின்மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பச்சை சோப்பு டப்பா. அதிலிருந்து மெல்லிய வயர்கள் கிளம்பி, டிஸ்ப்ளேவுக்குப் போகும் வயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒரகடத்தில் பிரேக் வால்வு செய்யும் சின்ன கம்பெனி அது. வால்வில் காற்று கசிகிறதா என்று சோதிக்கிற கடைசி மெஷின் இது. இதைத் தாண்டிவிட்டால் நேரே வண்டிக்குத்தான். கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வேறு வந்துகொண்டிருந்தார்கள். படப்பை தாண்டியாச்சு என்று டிரைவர் போன் செய்துவிட்டார். சூப்பர்வைசர் சுபாஷ் நிமிஷத்துக்கு ஒருதரம் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிற தலைவலி போதாதென்று இந்த டப்பா.

"நான்தான் சார்," என்று முன்னால் வந்தான் மாசானம். மெயின்டனன்ஸ் பையன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வல்லக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன்.

சுபாஷ் டப்பாவைத் திறந்தார். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு நீல போர்டு.

"என்னடா இது?"

"ஆர்டுயினோ சார். குட்டி கம்ப்யூட்டர் மாதிரி. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது."

"இங்க என்ன பண்ணுது?"

"டிஸ்ப்ளேல என்ன நம்பர் வருதுன்னு அந்த வயர்லயே படிச்சிரும் சார்."

"படிச்சு?"

மாசானம் வாயைத் திறந்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற எல்லப்பனைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சும்மா... பழகுததுக்குத்தான் சார்."

"பழகுறானாம்!" என்று பாய்ந்தார் எல்லப்பன். மணிமங்கலத்துக்காரர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மெஷின் அவருடையது. வேறு யாராவது தொட்டால், சொத்தில் பங்கு கேட்ட மாதிரி கோபம் வரும். "நம்பர மாத்தத்தான் வெச்சிருப்பான் சார்! ஃபெயில் பீஸெல்லாம் பாஸாயிடும். நம்ம பேரு நாறிடும். எங்கிருந்தோ வந்துட்டு நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போடறானுங்க."

"நம்பரத் தொடவே இல்ல அண்ணாச்சி. படிக்க மட்டுந்தான்..."

"யார்ரா உனுக்கு அண்ணாச்சி?"

மாசானம் சுபாஷ் பக்கம் திரும்பினான். "சார், ஆடிட் முடியுத வரைக்கும் மட்டும் அதைக் கழட்டாதீங்க. பொறவு என்ன வேணா செய்யுங்க."

துணிச்சலைப் பாருங்கள். ஏறிய கோபத்தில் சுபாஷ் டப்பாவின் வயர்களைக் கொத்தாகப் பிடுங்கினார்.

"மெஷின்ல கை வெச்சா வெளியதான். ரூல்னா ரூல். கண்ணாடி போட்டும் கண் டெஸ்ட்ல ஃபெயில்னு கன்னியப்பனையே வீட்டுக்கு அனுப்பிட்டோம். அவ்ளோ பழைய ஆளு."

"அவன் தடவிக்கினு நின்னான் சார்," என்று பெருமையாகச் சொன்னார் எல்லப்பன். "நான்தான் வரிசையில கடைசி. கடகடன்னு ஒப்பிச்சிட்டு வந்தேன்ல!"

"ஐடி கார்டைக் கழட்டு. கேட்ல போய் நில்லு," என்றார் சுபாஷ்.

மாசானம் கார்டைக் கழற்றிக் கொடுத்தான். ஆனால் நகரவில்லை.

"சார், இன்னைக்கு ஒரு நாள் அண்ணாச்சிய பேக்கிங்ல நிப்பாட்டுங்க சார். இந்த மெஷின்ல வேற யாராவது..."

"பாத்தீங்களா! போறப்பகூட என் வேலைக்கே வேட்டு வெக்கிறான் சார்!"

செக்யூரிட்டி வந்து மாசானத்தின் கையைப் பிடித்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அதன் பிறகுதான் எல்லப்பனுக்கு மனசு ஆறியது. பின்மூடியை மாட்டி மெஷினை ஓட விட்டார்கள். ஒரு வால்வை எடுத்துப் பொருத்தி பட்டனை அழுத்தினார். டிஸ்ப்ளேயில் சிவப்பாக எண் எரிந்தது.

எல்லப்பன் காத்திருந்தார். காதைச் சாய்த்தார். இன்னொரு தரம் அழுத்தினார். வால்வை எடுத்து எந்தத் தட்டிலும் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வாசலில் ஹாரன் சத்தம். ஆடிட் கார் வந்தேவிட்டது.

"என்னண்ணா, சீக்கிரம்! பாஸா, ஃபெயிலா?" என்று பறந்தார் சுபாஷ்.

"அதான் சார் சொல்ல மாட்டேங்குது."

"எது?"

"மெஷின்தான். ஒருவாட்டி பீப்னா பாஸு. ரெண்டுவாட்டி அடிச்சா தூக்கிப் போட்டுடுவேன். இப்ப இன்னாடான்னா கம்முனு கீது."

"எதிர்லயே நம்பர் எரியுதே அண்ணா!"

எல்லப்பன் மூக்கு உரசும் அளவுக்கு டிஸ்ப்ளேயை நெருங்கினார். கண்ணைச் சுருக்கினார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார்.

"நம்பரெல்லாம் இப்ப யாரு சார் பாக்குறது? அந்தப் பையன் ரிப்பேர் பண்ணதுலேர்ந்து அதுவே சொல்லிக்கினு இருந்திச்சே!"

சுபாஷ் கையிலிருந்த போர்டைத் திருப்பினார். ஓரத்தில் பட்டாணி அளவுக்கு, பீப் அடிக்கிற ஒரு பஸ்ஸர். சட்டென்று கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எல்லப்பனோ பொறுமையிழந்து மெஷின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கினே நின்னா எப்டி சார்? அந்த மாசானம் கேட்லதான நிக்கிறான், கூப்புடுங்க. இன்னா கோளாறுன்னு அவனுக்குத்தான் தெரியும்."