பாதி மஞ்சள் சோகை

புல்லறுக்கிற சாக்கில் வரப்பில் குந்தியிருக்கிறேன்; அடுத்த கழனியில் நடப்பதைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வளவனூர் வெயில் கரும்பின்மேல் வெள்ளையாக எரிகிறது. போர்க்கிணறு வற்றி நாளாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கழனிக்காரர் ஏகாம்பரம் கரும்பில் சோகை உரிக்கிறார். காய்ந்த தாளை எல்லாரும்தான் உரிப்பார்கள்; இந்த மனுஷன் பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக இருப்பதைக்கூட விடாமல் சரக்சரக்கென்று கிழிக்கிறார். பாய்ச்சத் தண்ணீர் இல்லாதவருக்குக் கைக்காவது ஒரு வேலை வேண்டாமா! மோர்ச் செம்போடு வரப்பில் வருகிற அவர் மகள் கலைப்பிரியா, விழுப்புரத்துக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறவள், அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடிக்கிறாள். “மஞ்சள உரிக்காதப்பா! தண்ணி இல்லன்னு அந்த எல தன் செல்லுக்குள்ள இருக்கறத தானே செரிச்சி, குருத்துக்கு அனுப்பிக்கினு இருக்குது. முழுசா காயட்டும்.” அவர் சிரிக்கிறார். “தன்னையே தின்னுதாம்மா? நல்லா சொல்லிக் குடுத்தாங்க போ.” “நெசமாதாம்பா. அதுலதான் குருத்து இன்னும் பச்சையா நிக்குது.” சிரிப்பு அடங்குகிறது. “எத்தினி நாளிக்குத் தின்னும்?” “தின்ன எல இருக்கற வரிக்கும்.” ஏகாம்பரம் திரும்பி, காலையிலிருந்து உரித்த வரிசையைப் பார்க்கிறார். அடி முழுக்க மொட்டையாக, உச்சியில் நாலு தோகையோடு கரும்புகள் நிற்கின்றன. “அப்ப நான் உரிச்சிப் போட்டதெல்லாம்?” என்கிறார். அவள் மோரை நீட்டுகிறாள். அவர் வாங்கவில்லை. கையிலிருக்கும் பாதி மஞ்சள் தாளை, அது இருந்த கணுவிலேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.