அடைக்கல மாதா, கேக்குதா?

மனைவி வாயிலிருந்து தன் பெயரைக் கேட்க ஒரு விலை உண்டென்றால், சிலுவை தன் படகையே கொடுத்திருப்பான். பேரம் பேசியிருக்கவே மாட்டான். புருஷன் பெயரைச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் பனிமேரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வெறும் 'இந்தாங்க'தான்.

புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்ததும், மீனவர் சங்கத்து வயர்லெஸ் பெட்டி முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். கடலில் மாட்டிக்கொண்ட படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஒருவரிடம் பேசினால் எல்லாப் படகிலும் கேட்கும்.

"கித்தேரி மச்சான், எங்க நிக்கிய?"

"துறைமுக வாசலுக்கு வந்துட்டேன் புள்ள."

மச்சானாம்! அத்தை மகன் பெயரை மட்டும் கற்கண்டைக் கடித்த மாதிரி சொல்கிறாள். கடலில் தன் படகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சிலுவைக்கு வயிறு எரிந்தது. அவன் முறை வந்தபோது படகின் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

"அடைக்கல மாதா, கேக்குதா?"

நன்றாகவே கேட்டது. ஆனால் அவன் பேசும் பொத்தானை அமுக்கவில்லை. பெயரைச் சொல்லட்டுமே.

"இந்தாங்க, பேசுங்க..." அவள் குரல் உடைந்தது. "சிலுவை! ஏ சிலுவை!"

அடடா! இன்னும் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தான்.

"அழாத புள்ள, நான் திரும்பிப் போய்ப் பாக்கேன்" என்றான் கித்தேரி.

சிலுவையின் விரல் பொத்தானுக்குப் போனது. அதற்குள் மூன்றாவது 'சிலுவை' வந்துவிட்டது. அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அமுக்கினான்: "ஏல கித்தேரி, போவாத! நான் இருக்கேன்!"

கித்தேரியிடமிருந்து பதில் இல்லை.

சாயங்காலம் சிலுவை கரையேறிச் சங்கத்துக்கு வந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிடித்தபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்று எண்ணினான். தன் கணக்கில் மூன்று. கித்தேரி மச்சான் கணக்கில் நாற்பது தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.