மணிச்சத்துத் திருட்டு

"மேடம், இது நிச்சயமா திருட்டு உரந்தான்!" என்று வேளாண்மை அலுவலகமே அதிரக் கத்தினார் இசக்கிராஜா.

மண் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருந்த அலுவலர் ஃபஹ்மிதாவுக்கும் குழப்பம்தான். எதிரே நின்ற முத்துராணி மூன்று வருஷமாக டி.ஏ.பி. உரம் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. அவள் வயலிலோ அந்த உரம் தரும் மணிச்சத்து ஏகமாக இருந்தது. ஏக்கருக்கு மூன்று மூட்டை போடும் இசக்கிராஜாவின் வயலில் அதில் பாதிகூட இல்லை.

"என் உரத்தைத்தான் இவ எடுக்கா. நீங்களே கேளுங்க மேடம்!"

"உண்மையாக்கா?" என்றாள் ஃபஹ்மிதா.

"உண்மைதான் மேடம். எல்லாம் அண்ணாச்சி உரந்தான்," என்றாள் முத்துராணி, கொஞ்சமும் கூசாமல்.

"பாத்தீயளா, அவ வாயாலயே சொல்லிட்டா!" என்று துள்ளினார் இசக்கிராஜா.

"எப்படிக்கா எடுத்தீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? அவுகல்லா தாராக! வயல் நெறைய தண்ணி நிக்கும்போது உரத்தை வீசுதாக. மறுநாள் மழை பெஞ்சா, பயிர் அழுகிரும்னு மடையைத் தொறந்து விடுதாக. அடுத்த கீழ வயல் என்னுது. வாறதை நான் தேக்கி வச்சுக்கிடுதேன். விட்டா அது குளத்துல பாசியாப் படர்ந்து, மிச்சம் கடலுக்குல்லா போயிரும்!"

ஃபஹ்மிதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முத்துராணி இசக்கிராஜாவிடம் பணிவாகச் சொன்னாள்: "வாற பிசானப் பருவ நடவுக்கு என்னைக்கு உரம் போடுதியன்னு முந்தின நாளே சொல்லிருங்க அண்ணாச்சி. நான் வரப்பை ஒசத்தணும்."